துப்பறியும் கதையும் பிடியரிசிப் பானையும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணாக்கர் ஒருவர் ஆண்டு மலருக்குக் கட்டுரை வரையப் புகின், சங்கச் செய்யுளின் நயத்தையோ, காப்பியத்தின் அமைதியையோ, இலக்கண நுட்பம் ஒன்றையோ எடுத்துக்கொள்ளுதல் மரபு. அம்மரபினை யாம் அறியாதோம் அல்லோம். ஆயினும், சில ஆண்டுகளாக எம் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் பொருள் வேறொன்று. அது துப்பறியும் நாவல். பெயரைக் கேட்ட அளவிலேயே ஆசிரியப் பெருமக்கள் புருவத்தை நெரிப்பார்கள். விடுதி நண்பர்களோ, பரீட்சைக்கு முந்திய இரவில் எம் தலையணையின் கீழ் இருந்தது நன்னூல் அன்று என்று சாட்சி பகர ஆயத்தமாக இருக்கின்றனர். ஆகவே, முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்டவர்மீது துப்பறிய வேண்டுவதில்லை அன்றோ?

துப்பறியும் கதை மேனாட்டாரிடமிருந்து நாம் கடனாகப் பெற்ற சரக்கு என்பர் பலர். நாவல் என்னும் உடல் கடன் பெற்றதே. அதனுள் இருக்கும் உயிர் நம் நாட்டிலும் முன்பே உலவியதுதான். அளகாபுரி மன்னனையும் அவன் அமைச்சர் நால்வரையும் பற்றித் தமிழில் வழங்கிய பழங்கதை ஒன்று உண்டு. ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் ஒருவன் வழியிற் கண்ட இளைஞர் நால்வரை வினவுகின்றான். அது கால் நொண்டியோ என்கிறான் ஒருவன். ஒரு கண் குருடோ என்கிறான் மற்றொருவன். வால் குட்டையோ என்கிறான் மூன்றாமவன். வயிற்று நோய் உடையதோ என்கிறான் நான்காமவன். அத்தனையும் உண்மை. ஆனால், ஒட்டகத்தை யாங்கள் கண்டதில்லை என்கின்றனர் நால்வரும். காணாதவர் இத்தனை சொல்வது எங்ஙனம், இவர்களே கள்வர் என்று வணிகன் மன்னனிடம் முறையிடுகின்றான். சுவடு பதிந்த வகையையும், வழியின் ஒரு புறத்துத் தழை மட்டும் மேயப்பட்டிருந்ததையும், ஈயை ஓட்ட வாலின்மையாற் சிந்திய குருதித் துளிகளையும், பின்னடிகள் ஆழப் பதியாமையையும் இளைஞர்கள் எடுத்துக் காட்ட, மன்னன் வியந்து அவர்களைத் தன் அமைச்சர்களாக்கிக்கொள்கின்றான். இக்கதையில் வரும் வணிகனை அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அவனிடம் யாம் மீண்டும் வருவோம்.

இக்கதையை ஆங்கிலத்திற் பெயர்த்த பண்டித நடேச சாஸ்திரியாரே, 1894-ஆம் ஆண்டில் தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புத குற்றங்களைத் தமிழில் எழுதி வெளியிட்டார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இத்துறையிற் புகுந்தனர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-இல் வெளிவந்தது; அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிமுகமானான். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-இல் வெள்ளித்திரைக்கே வந்துவிட்டார். புலவர்கள் இவற்றை இலக்கியம் அல்ல என்று ஒதுக்கினர். வாசகர்களோ புத்தகம் நைந்து தாள் உதிரும்வரை படித்தனர். தமிழில் உரைநடையைச் சலிப்பின்றிப் படிக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் இந்நாவல்களுக்கும் பங்கு உண்டு என்பது எமது துணிபு.

எனினும், எமக்கு மிக உவப்பானவை இவற்றுள்ளும் ஒரு தனிக் கிளையைச் சார்ந்தவை. அவற்றில் துப்பறிபவர் போலீஸ்காரரும் அல்லர். கூலிக்கு உளவறிபவரும் அல்லர். நம் அடுத்த வீட்டில் வாழும் ஒருவர். செஸ்டர்ட்டன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1910 முதல் எழுதிய கதைகளில் வரும் பிரௌன் பாதிரியார், கையிற் குடையும் முகத்திற் பேதைமையும் உடைய குட்டைக் குருவானவர். பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித நெஞ்சின் இருளை அறிந்தவர் ஆதலின், கள்வனின் மனத்துள்ளே புகுந்து பார்க்க வல்லவர். அகதா கிறிஸ்டி அம்மையார் படைத்த மிஸ் மார்ப்பிள், செயிண்ட் மேரி மீட் என்னும் சிற்றூரிற் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருக்கும் மூதாட்டி. அவர் துப்பறியும் முதல் நாவல் 1930-இல் வெளிவந்தது. அதில் கொலை நிகழும் இடமோ குருவானவர் குடியிருக்கும் வீடு! எவரைக் கண்டாலும், தம் ஊரில் அவரைப் போன்ற ஒருவரை நினைவுகூர்ந்து, இன்னார் இன்னது செய்வார் என்று துணிதல் அம்மூதாட்டியின் முறை.

தமிழில் இவர்களுக்கு இணையாக யாம் கூறத்தக்கவர் ஒருவரே. அவர்தாம் தேவன் படைத்த சாம்பு. ஆர். மகாதேவன் என்னும் இயற்பெயருடைய தேவன், 1942-இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் சாம்புவின் கதைகளைத் தொடங்கினார். சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா; ஊரார் கண்ணுக்கு அசடு. தான் ஒன்று எண்ணிச் செய்ய, அது வேறொன்றாய் முடிந்து, கள்வன் தானே அகப்படுவான். புகழ் சாம்புவைச் சேரும். மேனாட்டுத் துப்பறிவாளர்கள் அறிவினால் வென்றனர். எங்கள் சாம்புவோ அசட்டினால் வென்றான். சென்னையின் நடுத்தர வகுப்பினர் வாழும் தெருக்களும், திண்ணைப் பேச்சும், மனைவி வேம்புவின் அதட்டலுமே அக்கதைகளின் உலகம். குருதியின் நாற்றத்தைக் காட்டிலும் காப்பியின் மணமே அவற்றில் மிகுதி.

இக்கதைகள் ஏன் இத்துணை இன்பம் பயக்கின்றன? இடம் சிறிது, மாந்தர் அறிமுகமானவர், ஒழுங்காக இயங்கும் தெரு ஒன்றில் ஒரு நாள் ஒழுங்கு குலைகின்றது, நம்மைப் போன்ற ஒருவர் கூர்ந்து நோக்குதல் ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு ஒழுங்கை மீட்கின்றார். இதனைப் படிக்கும் சிறார் எவருக்கும், நம் தெருவிலும் ஒரு மர்மம் இராதா என்னும் ஏக்கம் பிறத்தல் இயல்பு. எமக்கும் பிறந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

எம் பாட்டியின் ஊர் இரணியல். வேணாட்டரசர் இருந்த பழம்பதி அது. பத்மநாபபுரம் தலைமையெய்துதற்கு முன்னர்ச் சிறந்திருந்த அரண்மனை ஒன்று அங்கே உண்டு. யாம் சிறு பிராயத்திற் கண்டபோது அதன் ஓடுகள் சரிந்து, சுவர்களிற் செடி முளைத்துக் கிடந்தது. வசந்த மண்டபத்துக் கற்கட்டில் மட்டும் பண்டைப் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. வள்ளியாறும், கைத்தறித் தெருக்களும், தென்னையும் மரச்சீனியும் நிறைந்த விளைகளும், விட்டுவிட்டுக் கேட்கும் இரயிலோசையும் உடைய அமைதியான ஊர். மிஸ் மார்ப்பிளின் சிற்றூருக்கு ஒப்ப, ஒருவர் வீட்டில் தும்மினால் மற்றொருவர் வீட்டில் நலம் கேட்பார்கள்.

எமக்கு அப்போது வயது பன்னிரண்டு. கோடை விடுமுறை. எம் பாட்டாவின் தகப்பனார் வாரந்தோறும் இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துவைத்த சாம்புவின் கதைகள் பரணிலிருந்து எம் கையிற் கிட்டின. பத்து நாட்களில் இருமுறை படித்து முடித்தோம். பதினோராம் நாள் யாம் துப்பறிவாளர் ஆனோம்.

பாட்டியின் அடுக்களையில் உலைப்பானைக்கு அருகே ஒரு மண்பானை இருக்கும். அதற்குப் பிடியரிசிப் பானை என்று பெயர். சோறு பொங்க அரிசி அளந்தவுடன் ஒரு பிடி எடுத்து அப்பானையில் இடுதல் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணிகளின் வழக்கம். மாத முடிவில் அவ்வரிசி சபையின் பெண்கள் சங்கத்திற்குப் போய்ச்சேரும். ஒரு பிடி குறைந்தமையால் வீட்டில் எவரும் பட்டினி கிடப்பதில்லை. நூறு வீட்டுப் பிடிகள் சேர்ந்தாலோ ஒரு மூடையாகும். எளியோர் ஈகையின் அழகிய கணக்கு அது.

அப்பானையில் அரிசி நாளுக்கு நாள் ஏறாமல் இறங்குவதை யாம் கண்டோம். இதோ எம் மர்மம்! இரவில் ஒருவரும் அறியாமற் பானையின் உட்புறத்தில் அரிசிமட்டத்திற்குக் கரியினாற் கோடிட்டோம். மறுநாள் மாலை அரிசி, கோட்டிற்கு நான்கு விரல் கீழே இருந்தது. இது முதல் தடயம். புறவாசற் படியிற் சிந்திய அரிசிமணிகளை எறும்புகள் இழுத்துச் சென்றன. அவ்வெறும்புச் சாரி வேலியின் இடைவெளியை நோக்கிற்று. இது இரண்டாவது. நாள்தோறும் பாத்திரம் துலக்கிக்கொடுக்க வரும் ஓர் அம்மையாரை யாம் மாமி என்று அழைப்போம். வரும்போது அவருடைய ஓலைப்பெட்டி வெறுமையாக இருக்கும். போகும்போது வாழையிலையால் மூடியிருக்கும். இது மூன்றாவது. ஒருநாள் பந்து தேடும் பாவனையில் அவர் வீட்டு முற்றத்திற்குச் சென்றோம். முறத்தில் அவர் புடைத்துக்கொண்டிருந்தது சிவந்த சம்பா அரிசி. ரேஷன் கடை அரிசியோ வெள்ளை. இது நான்காவது.

நான்கும் சேர்ந்தன. பிழை ஏதும் உண்டோ? அன்பர்களே, இன்றும் அத்தடயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கின்றோம். ஒன்றிலும் பிழை காணோம். அவருடைய கணவர் நெசவுத் தொழிலாளர் என்பதும், நோயுற்றுப் பாயிற் கிடந்தார் என்பதும், தறி ஓய்ந்தமையால் மாமி பிறர் தறிகளுக்கு நூல் சுற்றிக்கொடுத்துச் சில காசுகள் ஈட்டினார் என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் அவற்றை யாம் தடயங்களாகக் கொள்ளவில்லை. கொண்டபோதும், குற்றத்திற்கு நோக்கம் கிட்டியது என்றே மகிழ்ந்திருப்போம்.

மாத முடிவில் சங்கத்துப் பெண்மணிகள் எங்கள் வீட்டு முன்வராந்தாவிற் கூடினர். நாழியால் அரிசி அளக்கப்பட்டது. இம்முறை உங்கள் வீட்டு அரிசி மிகக் குறைந்துவிட்டதே என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். அனைவரையும் ஓரிடத்திற் கூட்டிக் குற்றவாளியைச் சுட்டுதல் இக்கதைகளின் இறுதி அதிகாரத்து மரபு. அத்தகைய சந்தர்ப்பம் எமக்கு வலிய வாய்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தோம். கரிக்கோடு, எறும்பு, ஓலைப்பெட்டி, சம்பா அரிசி என்று நான்கையும் வரிசையாக விளக்கினோம். மாமியின் பெயரைச் சொன்னபோது, அவர் தேநீர்த் தட்டோடு எமக்குப் பின்னால் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தார். அதனை யாம் அறிந்திலோம்.

எவரும் பேசவில்லை. பாட்டியே பேசினார்கள். “அவ எடுக்கல்ல. நாந்தான் குடுத்தேன்” என்றார்கள். சங்கத்து அரிசியைக் கொடுப்பானேன் என்னும் வினா ஒருவர் வாயிலிருந்து வந்தது. பாட்டி சிறிது நேரம் தரையைப் பார்த்தார்கள். பின்னர், “அவ வீட்டுல அடுப்பு எரியல்ல” என்றார்கள்.

அத்தொடர் எத்துணைக் கொடியது என்பதை அன்று யாம் உணரவில்லை. மாமியைக் கள்ளி என்னும் பழியிலிருந்து விடுவிக்க வேண்டுமாயின், அவர் பட்டினியை ஊரறியச் சொல்லவேண்டும். வேறு வழியை யாம் விட்டுவைக்கவில்லை. ஏழ்மையைத் தம் நான்கு சுவருக்குள் மறைத்து, கூந்தல் வாரிப் பொட்டில்லா நெற்றியோடும் வெளுத்த சேலையோடும் ஞாயிறுதோறும் கோயிலின் மூன்றாம் வரிசையில் அமர்ந்தவர் அவர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் கற்பித்தபடி, பாட்டி அந்தி மயங்கிய பிறகே புறவாசலில் அவருக்கு அரிசி அளந்தார்கள். யாமோ அவ்விரு கைகளையும் பிடித்து இழுத்துச் சபை நடுவே நிறுத்தினோம். மாமி தட்டினை மெல்லக் கீழே வைத்தார். ஒரு குவளையும் சிந்தவில்லை. புறவாசல் வழியே போனார். அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

பாட்டி எம்மை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மறுநாள் அந்தியில் ஓலைப்பெட்டியைத் தாமே சுமந்து சென்றார்கள். நிறைந்த பெட்டியோடே திரும்பினார்கள். இரண்டாம் நாளும் அவ்வாறே; மூன்றாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் இரவு, அரிசியைப் பானையிற் கொட்டிக்கொண்டே, “நீ கண்டுபிடிச்சது எல்லாம் சரிதான் மக்களே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்கள். அரிசி பானையில் விழும் ஓசை இன்றும் எம் செவியில் உள்ளது.

அளகாபுரிக் கதையின் வணிகன் இப்போது எம் நினைவிற்கு வருகின்றான். அவன் அறிவிலி அல்லன். இத்தனை அறிந்தவர் கள்வராகத்தான் இருத்தல் வேண்டும் என்னும் அவன் வாதத்தில் வெளிப்படையான ஓட்டை ஏதும் இல்லை. ஆயினும் அது பொய். கண்ட செய்திகள் மெய்யாக, கொண்ட முடிவு பொய்யாதல் கூடும் என்பதே அக்கதையின் உட்கிடை. யாம் எம்மை அவ்விளைஞருள் ஒருவராக எண்ணிக்கொண்டோம். உண்மையில் வணிகனாகவே நடந்துகொண்டோம்.

கல்லூரிக்கு வந்து சிலப்பதிகாரம் பயின்றபோது வழக்குரை காதை எம்மைத் தாக்கிய வகை வேறு. பாண்டியன் பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டான், கையிற் சிலம்பு இருந்தது, அரசியின் சிலம்பைக் காணவில்லை, முடிவு செய்துவிட்டான். அச்சிலம்பின் பரல் முத்தோ மாணிக்கமோ என்று கேட்பதற்கு ஒரு நாழிகை போதும். கேட்கவில்லை. தமிழிலக்கியத்தில் தடயத்தால் உண்மையை நிறுவிய மாபெரும் வழக்காளி கண்ணகியே. ஆனால் அவள் சிலம்பை உடைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை. திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியையும் பிறிதோர் ஒற்றனால் சரிபார்க்கவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தாலே தெளிய வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றார். யாம் எம் ஒருவர் கண்ணையே மூன்று ஒற்றராகக் கணக்கிட்டோம்.

தள்ளுபடியாகமத்திற் காணப்படும் சூசன்னாளின் கதையையும் எண்ணிப்பார்க்கிறோம். மூப்பர் இருவர் அவள்மீது பழி சுமத்த, சபையார் அவளைக் கொலைக்கு உரியவளாகத் தீர்க்கின்றனர். இளைஞனாகிய தானியேல் எழுந்து, மூப்பரைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று வினவுகின்றான். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் கூற, பொய் வெளிப்படுகின்றது. துப்பறியும் கதைகளின் மூதாதை இது என்பர் சிலர். எம்மை நாணச் செய்வது வேறொன்று. தானியேல் சபை நடுவே எழுந்தது ஒரு பெண்ணை விடுவிப்பதற்காக. யாமும் சபை நடுவே எழுந்தோம், எதற்காக?

இதனால் துப்பறியும் நாவல்களைக் கொளுத்திவிட வேண்டும் என்று யாம் கூறுகின்றோமா? அன்று. இன்றும் படிக்கின்றோம், முன்னினும் ஆர்வத்தோடு படிக்கின்றோம். ஆனால் இரு செய்திகள் இப்போது எம் கண்ணிற் படுகின்றன. ஒன்று, அக்கதைகளில் மறைவு உள்ள இடமெல்லாம் குற்றம் உள்ள இடம்போலத் தோன்றும். வாழ்க்கையிலோ மறைவில் நிகழ்வனவற்றுட் பல இரக்கத்தின் செயல்கள். இரண்டு, இறுதி அதிகாரம் முடிந்த மறுநாட் காலையை எந்த நாவலும் எழுதுவதில்லை. ஐயுறப்பட்டவரும் ஐயுற்றவரும் அதே தெருவில் நடந்து, அதே கடையில் உப்பு வாங்கி, அதே கோயிலில் திருவிருந்துக்கு முழந்தாளிட வேண்டும். பிரௌன் பாதிரியார் தாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதியைச் சொல்லாமலே விடுகின்றார் என்பதும், சாம்புவின் அசட்டுத்தனம் எளியவர் எவரையும் தலைகுனியச் செய்யும் நோக்கமற்றது என்பதும் பன்னிரண்டு வயதில் எமக்குப் புலப்படவில்லை.

பாட்டி இறைவனடி சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அடக்க ஆராதனைக்கு முன், மாமி வந்து பெட்டியருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அப்படியேறியது அன்றுதான். எழுந்து போகும்போது எம்மைப் பார்த்து, “நல்லாப் படிக்கியா மக்களே?” என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம், வரவில்லை. தலையை மட்டும் அசைத்தோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் இக்கட்டுரையை எழுத எண்ணியபோது, பாட்டியின் சொல் நினைவிற்கு வந்தது. எழுதுமுன் கேட்டுவிடுவோம் என்று இரணியலுக்குச் சென்றோம். மாமி திண்ணையில் அமர்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் ஏழாண்டுக் கடனாகிய மன்னிப்பைக் கேட்டோம். பின்னர், கல்லூரி மலரில் இதனை எழுதலாமோ என்றோம். இராட்டினம் சற்றே நின்றது. “எழுது. பேரு மட்டும் போடாண்டாம் மக்களே” என்றார். பின்னர் உள்ளே சென்று, ஒரு குவளைக் கட்டன் காப்பியும் இரண்டு முறுக்கும் கொண்டுவந்து எம் முன் வைத்தார்.

அவர் விருப்பப்படியே பெயரை விடுத்தோம். அன்பர்கள் எவரும் அதனைத் துப்பறிந்து அறிய முயலாதிருப்பாராக.